ஓடவிட்டது போதும், பந்தைக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளையைக் கூடைப்பந்துப் பயிற்சியில் சேர்க்க வரும் பெற்றோரில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "இதை ஆடினா உயரமாவானா சார்?" என்பதுதான். பல வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன், இந்தக் கேள்வி மட்டும் மாறவே இல்லை. ஆக மாட்டான், அவ்வளவுதான் பதில். குதிப்பதாலோ கம்பியில் தொங்குவதாலோ எலும்பு நீளாது. உயரம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவது, மீதி சாப்பாடும் உடல்நலமும். உயரமானவர்களுக்கு இந்த ஆட்டத்தில் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்கள் இங்கே வந்து சேர்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு ஆட்டம்தான் வளர்த்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வளையம் 3.05 மீட்டரில் இருக்கும்போது உயரம் உதவாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1.60 மீட்டர் உயரமே இருந்த மக்ஸி போக்ஸ், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 14 சீசன் ஆடினார் என்பதும் உண்மை.

உயரத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. நம் கையில் இருப்பது பயிற்சி நேரம் ஒன்றுதான், அந்த நேரத்தைத்தான் நாம் பெரும்பாலும் வீணடிக்கிறோம். அதைப் பற்றி மனம்விட்டு எழுதவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரணப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகள் வந்ததும் முதலில் கிரவுண்டைச் சுற்றி ஓட்டம். அப்புறம் நின்ற இடத்திலேயே குனிந்து காலைத் தொடுவது, கையைச் சுழற்றுவது. அப்புறம் ஒரே வரிசையில் நின்று லே-அப், அதாவது ஓடி வந்து வளையத்துக்குப் பக்கத்தில் எழும்பிப் பந்தைப் போடுவது. கடைசியில் நேரம் மிச்சமிருந்தால் ஐந்துக்கு ஐந்து மேட்ச், அதிலும் நன்றாக ஆடும் இரண்டு பேரிடம்தான் பந்து போகும். இப்போது அந்த லே-அப் வரிசைக்கு ஒரு கணக்குப் போடுவோம். இருபது பேர், ஒரு வரிசை, ஒருவர் முடிக்க ஆறு விநாடி என்று வைத்துக்கொண்டால் மறுபடி தன் முறை வர ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. அரை மணி நேரத்தில் பதினைந்து முறை. பதினைந்தே முறை பந்தைத் தொட்டுவிட்டு, மீதி நேரம் முழுக்க முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை இரண்டு மாதத்தில் வராமல் போய்விட்டால் "அவனுக்கு ஆர்வம் இல்லை" என்கிறோம். நியாயமா இது?

அந்த ஓட்டத்தையும் சொல்லியாக வேண்டும். சுற்றிச் சுற்றி ஒரே வேகத்தில் ஓடினால் மூச்சு வளரும், மறுக்கவில்லை. ஆனால் கூடைப்பந்தில் யாரும் அப்படி ஓடுவதில்லை. கோர்ட்டின் நீளமே 28 மீட்டர்தான். இரண்டு மூன்று விநாடி வேகமாகப் பாய்ந்து, சட்டென்று நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, குதித்து, மறுபடி திரும்பி ஓடுவதுதான் ஆட்டம். ஆஸ்திரேலிய லீக் வீரர்களை வைத்து 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு மேட்சில் ஒரு வீரர் சுமார் ஆயிரம் முறை அசைவை மாற்றுகிறார், அதாவது இரண்டு விநாடிக்கு ஒருமுறை, என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படி ஆடப்போகும் பிள்ளையை தினமும் அரை மணி நேரம் மெதுஓட்டம் ஓடவிட்டால் அந்தப் பிள்ளை மெதுவாக ஓடத்தான் நன்றாகக் கற்றுக்கொள்ளும். மூன்றுக்கு மூன்று பேராகப் பிரித்து நான்கு நிமிடம் விடாமல் ஆடவிட்டு, இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்து, இப்படி ஐந்தாறு முறை செய்தால் மூச்சும் வாங்கும், ஆட்டமும் வளரும். பாஸை விட்டவனுக்கு, தாமதமாக வந்தவனுக்கு, சிரித்தவனுக்கு என்று ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்கிறோமே, அதைப் போல ஓட்டத்தை வெறுக்க வைக்கிற வழி வேறு இல்லை. ஓடியே ஆக வேண்டிய ஒரு விளையாட்டில் ஓடுவதைத் தண்டனையாக்கினால் எப்படி?

திறமை என்று நாம் சொல்வதில் பாதி கையில் இருக்கிறது, பாதி கண்ணில் இருக்கிறது. கை மட்டும் பழகினால் போதாது. நாற்காலியைச் சுற்றி அழகாக டிரிபிள் செய்யும், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகும் பையன், நாற்காலி இருந்த இடத்தில் ஓர் ஆள் வந்து நின்றதும் பந்தைத் தொலைத்துவிடுகிறான், ஏனென்றால் நாற்காலி கையை நீட்டாது, ஏமாற்றாது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆக, டிரில் என்பது எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எதிரே ஓர் ஆளோடு நடக்க வேண்டும். ஒருவருக்கு ஒருவர், இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர். ஆள் குறையக் குறைய ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் பந்து அதிகமாக வரும், முடிவெடுக்க வேண்டிய தருணங்களும் கூடும். ஐந்துக்கு ஐந்தில் பத்துப் பேருக்கு ஒரே பந்து. நாற்பது நிமிட ஆட்டத்தைச் சமமாகப் பங்கு போட்டால்கூட ஆளுக்கு நான்கு நிமிடம்தான், அதுவும் யாரும் சமமாகப் பங்கு போடுவதில்லை. மூன்றுக்கு மூன்று டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. பாதிக் கோர்ட், ஒரு வளையம், 12 விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பழக்க அதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

ஷாட் பழகும் முறையிலும் இதே கதைதான். ஒரே இடத்தில் நின்று ஐம்பது, அதே இடத்தில் இன்னும் ஐம்பது. பார்க்க அழகாக இருக்கும், முப்பதாவது ஷாட்டுக்கு மேல் எல்லாம் விழும், பிள்ளைக்கும் சந்தோஷம், பார்க்கிற அப்பாவுக்கும் சந்தோஷம். ஆனால் மேட்சில் ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு ஷாட் கிடைப்பது, எதிரணி தப்பாட்டம் ஆடியதற்காக யாரும் தடுக்காமல் போடக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் மட்டும்தான். 1978இல் கெர், பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சின்னத் துணிப்பையை ஓர் இலக்கை நோக்கி எறிய வேண்டும். ஒரு குழு மூன்றடி தூரத்திலிருந்து மட்டுமே பழகியது. இன்னொரு குழு இரண்டடி, நான்கடி என்று மாற்றி மாற்றிப் பழகியது, மூன்றடியில் ஒருமுறைகூட எறியவில்லை. கடைசியில் மூன்றடியில் வைத்துச் சோதித்தபோது, அங்கே பழகாத பிள்ளைகள்தான் நன்றாக எறிந்தார்கள். தூரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் பிள்ளை புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, அந்தக் கணக்குத்தான் கற்றல் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதனால் நான் செய்வது இதுதான். கை எப்படி வர வேண்டும், முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்று புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு முதல் சில வாரம் வளையத்துக்குப் பக்கத்திலேயே நின்று திரும்பத் திரும்பப் போடச் சொல்வேன், அது அவசியம். பிடி வந்த பிறகு அடுத்தடுத்து இரண்டு ஷாட் ஒரே இடத்திலிருந்து கிடையாது. ஒன்று மூலையிலிருந்து, அடுத்தது ஓடி வந்து பாஸ் வாங்கி, அடுத்தது ஒரு டிரிபிள் போட்டு நின்று, அடுத்தது எதிரே ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு வரும்போது. முதலில் நிறையத் தவறும். கிரவுண்டுக்கு வெளியே நிற்பவர்களுக்குப் பயிற்சி சொதப்புவதுபோலத் தெரியும். மேட்ச் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும், அதுவரைக்கும் பெற்றோரின் முகத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கப் பயிற்சியாளருக்குத் தைரியம் வேண்டும்.

ஷாட்டைப் பற்றி இன்னொன்று, இதை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சுவரில் வரைந்தே காட்டுவேன். வளையத்தின் விட்டம் 45 செ.மீ., பெரிய ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்தின் விட்டம் கிட்டத்தட்ட 24 செ.மீ. நேர் மேலே இருந்து பார்த்தால் ஏறக்குறைய இரண்டு பந்து நுழையும் இடம் இருக்கிறது. ஆனால் பந்து நேர் மேலே இருந்தா வருகிறது? சாய்ந்து வருகிறது. 45 டிகிரியில் இறங்கி வரும் பந்துக்கு அந்த வாய் 32 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 35 டிகிரியில் வந்தால் 26 செ.மீ.கூட இல்லை, ஒரு விரல் அளவுதான் மிச்சம். 32 டிகிரிக்கும் கீழே தட்டையாக வந்தால் இரும்பைத் தொடாமல் உள்ளே போகவே முடியாது. "வளைச்சுப் போடு, வளைச்சுப் போடு" என்று தொண்டை வற்றக் கத்துவதைவிட இந்தப் படத்தை ஒருமுறை வரைந்து காட்டினால் பிள்ளை தானே வளைத்துப் போட ஆரம்பித்துவிடும்.

ஆனால் பத்து வயதுப் பிள்ளையால் வளைத்துப் போட முடியாது, ஏனென்றால் நாம் கொடுத்திருப்பது பெரியவர்களின் பந்தும் பெரியவர்களின் வளையமும். 3.05 மீட்டருக்கு அந்தப் பந்தை ஏற்ற அந்தப் பிள்ளைக்குத் தோளில் பலம் இல்லை. அதனால் இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தள்ளி, முதுகை வளைத்து, உடம்பை முறுக்கி எறிகிறது. பந்து எப்படியோ விழுந்தும் விடுகிறது. கைதட்டுகிறோம். அந்த முறுக்கு உடம்பில் ஊறிப்போய், பதினைந்து வயதில் பலம் வந்த பிறகும் போகாது, அதைப் பிரித்தெடுக்க ஒரு வருடம் ஆகும். சர்வதேசக் கூட்டமைப்பின் மினி கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டர், பந்து அளவில் சின்னதான 5ஆம் எண். காரணமில்லாமல் வைக்கவில்லை.

கால் வேலை பற்றி எழுதினால் தனிக் கடிதமே ஆகிவிடும், ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓடி வந்து பாஸ் வாங்கும் பிள்ளை எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நன்றாகப் பழகிய பிள்ளை கடைசி அடியில் இடுப்பை இறக்கும், இரண்டு காலும் ஒன்றாகவோ ஒன்றன் பின் ஒன்றாகவோ தரையில் பதியும், முழங்கால் மடங்கியிருக்கும், பந்து தாடைக்குக் கீழே பத்திரமாக இருக்கும், தலை நிமிர்ந்திருக்கும். ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறுகாலால் எந்தப் பக்கமும் திரும்பலாம், ஷாட் எடுக்கலாம், பாஸ் கொடுக்கலாம். பழகாத பிள்ளை நிமிர்ந்தபடியே நிற்கப் பார்க்கும், நிற்க முடியாமல் இரண்டடி கூட நகரும், விசில் ஊதுவார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடுதல் அடி வைத்ததற்காக டிராவலிங் என்று ஊதப்படுவதில் பெரும்பகுதி விதி தெரியாததால் வருவதில்லை, நிற்கத் தெரியாததால் வருகிறது.

நிற்பதிலிருந்து உடற்பலத்துக்கு வருகிறேன். "சார், இவனோட ஜம்ப்பைக் கூட்டுங்க" என்று கேட்காத பெற்றோர் இல்லை, பிள்ளைகளும் கைபேசியில் வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். குதிப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள், இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. பிரேக் சரியில்லாத வண்டிக்குப் பெரிய இன்ஜின் மாட்டுவதுபோல ஆகிவிடும் இது. ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கக் குதித்த பிள்ளை இறங்கும்போது ஒரு தடவை அருகில் நின்று கவனியுங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றை ஒன்று தொடப் பார்க்கிறதா? ஒற்றைக் காலில் விறைப்பாக இறங்குகிறதா? காதையும் பயன்படுத்தலாம். தட்டென்று பலத்த சத்தம் வந்தால் அந்த அதிர்ச்சியைத் தசை வாங்கவில்லை, மூட்டு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நான் சின்னப் பிள்ளைகளிடம் "சத்தமில்லாம இறங்கு" என்று மட்டும் சொல்வேன், பாதி சரியாகிவிடும்.

குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது, இதே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே கிழிகிறது. குதித்து இறங்கும்போது, வேகமாக வந்து திரும்பும்போது, ஒரு நொடியில். அறுவை சிகிச்சை என்றால் மறுபடி கோர்ட்டுக்கு வர ஒன்பது மாதமாவது ஆகும், சிலர் வருவதே இல்லை. இதைக் கணிசமாகக் குறைக்க முடியும் என்பதுதான் முக்கியம். ஒற்றைக் காலில் சமநிலை, பக்கவாட்டு அடிகள், குதித்து இறங்கி இரண்டு விநாடி அசையாமல் நிற்பது, ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து மடக்கி இறங்குவது), பிளாங்க் (முன்கையை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது) என்று பதினைந்து நிமிட வார்ம்-அப்பை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் முழங்கால் காயமும் கணுக்கால் காயமும் குறைகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிரவுண்டைச் சுற்றி ஓடுகிற நேரத்தில் பதினைந்து நிமிடத்தை அப்படியே இதற்குக் கொடுத்துவிடலாம். கருவி எதுவும் வேண்டாம்.

கணுக்கால் பிசகுவதுதான் கூடைப்பந்தில் மிக அதிகமாக வரும் காயம். ஒருமுறை பிசகியவருக்கு மறுபடி பிசகும் வாய்ப்பு கூடுகிறது. இதை நாம் எப்படி நடத்துகிறோம்? ஸ்பிரே அடிக்கிறோம், துணியைச் சுற்றுகிறோம், மூன்றாம் நாள் ஆடச் சொல்கிறோம். வீக்கம் வடிந்துவிட்டது என்பதால் கால் தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை. தூரத்திலிருந்து போடும் ஷாட்டுக்குப் பேர்போன என்பிஏ வீரர் ஸ்டீபன் கரிக்கு 2011இலும் 2012இலும் வலது கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இவர் இனி எத்தனை நாள் ஆடுவார் என்றே பேசினார்கள். அதன் பிறகு அவருடைய பயிற்சிக் குழு செய்த வேலைகளில் முக்கியமானது இடுப்பையும் உடலின் நடுப்பகுதியையும் பலப்படுத்தியது. வெட்டித் திரும்பும்போது வருகிற சுமையைக் கணுக்கால் தனியாகத் தாங்காமல் இடுப்பு தாங்கட்டும் என்பதுதான் யோசனை. ஷாட்டைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், அந்த ஷாட் இத்தனை வருடம் நீடித்ததற்கு இடுப்புக்குச் செய்த வேலையும் ஒரு காரணம்.

பலப்பயிற்சி என்றதும் இன்னொரு பயம் எழும்பும், "எடை தூக்கினா வளர்ச்சி நின்னுடுமே?" என்று. நிற்காது. சரியான மேற்பார்வையில், சரியான முறையில் செய்யும் பலப்பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பத்து வயதில் சொந்த உடம்பே போதும்: ஸ்குவாட், புஷ்-அப், ஒற்றைக் காலில் எழுந்து உட்காருவது, தொங்கி ஏறுவது. அசைவு சுத்தமாக வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடை. யார் அதிகம் தூக்குவது என்ற போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். ஆனால் இதில் ஒரு விநோதம் இருக்கிறது. லேசான எடையைப் பார்த்துப் பயப்படும் அதே பெற்றோர், பிள்ளை உயரமான மேடையிலிருந்து குதித்து உடனே மேலே எழும்பும் டெப்த் ஜம்ப்பை ரசித்துப் பார்க்கிறார்கள். அந்தப் பயிற்சியை 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி உருவாக்கியது, வருடக்கணக்கில் பலப்பயிற்சி செய்து உடம்பைத் தயார் செய்த தடகள வீரர்களுக்காக. "அதிர்ச்சி முறை" என்றுதான் அதற்குப் பெயரே. சுத்தமாக ஒரு ஸ்குவாட் செய்யத் தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்பக்க எலும்பு மேட்டில் வலிக்கிறது என்று பதினொன்று முதல் பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை சொன்னால் அது நடிப்பு இல்லை. வேகமாக வளரும் காலத்தில் தொடைத் தசையின் நார், இன்னும் முழுசாக இறுகாத எலும்பை இழுப்பதால் வருவது, ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். குதிப்பதைக் குறைத்து, சுமையைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். "பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடு" என்பது இதற்கு மருந்து ஆகாது.

அப்புறம், ஏழு வயதிலேயே "இனி இவனுக்குக் கூடைப்பந்து மட்டும்தான்" என்று முடிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்பிஏவின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான டிம் டங்கன் நீச்சல்காரராகத்தான் வளர்ந்தார். 1989இல் ஹ்யூகோ புயல் அவர் பழகிய குளத்தை அழித்த பிறகுதான் கூடைப்பந்துக்கு வந்தார். இன்னொரு நட்சத்திரமான ஹகீம் ஓலஜுவான் நைஜீரியாவின் லாகோஸில் ஹேண்ட்பாலும் கால்பந்தில் கோல்கீப்பராகவும் ஆடியவர், கூடைப்பந்தைத் தொட்டதே பதினைந்து வயது வாக்கில். அவருடைய கால் அசைவைப் பார்த்தால் அந்தக் கால்பந்து எங்கே போனது என்று தெரியும். இரண்டு முறை என்பிஏவின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய ஸ்டீவ் நாஷும் சிறு வயதில் கால்பந்துக்காரர்தான். எல்லாரும் இப்படி வந்தால்தான் பெரிய ஆளாக முடியும் என்று சொல்லவில்லை. ஆனால் என்பிஏவும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட இளையோர் வழிகாட்டியே, பதினான்கு வயதுக்கு முன்னால் ஒரே விளையாட்டில் முடக்க வேண்டாம் என்கிறது. ஓடுவது, ஏறுவது, எறிவது, நீந்துவது, உருளுவது எல்லாம் சேர்ந்துதான் ஒரு விளையாட்டு வீரரின் உடம்பு.

தூக்கத்தைப் பற்றிப் பேசினால் பல பயிற்சியாளர்களுக்குப் பிடிக்காது. விடியற்காலையில் ஒரு பயிற்சி, பள்ளி, மாலையில் ஒரு பயிற்சி, இரவு படிப்பு. இந்தப் பிள்ளை எப்போது தூங்கும்? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை ஐந்து முதல் ஏழு வாரம் வரை இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள், ஆய்வு 2011இல் வெளிவந்தது. பத்து ஃப்ரீ த்ரோவில் சராசரியாக 7.9 போட்டவர்கள் 8.8 போட்டார்கள், ஓட்டமும் வேகமானது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, அதனால் இதையே வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் கேட்கிறேன், ஒரு புது டிரில் இந்த அளவு முன்னேற்றம் தரும் என்று யாராவது சொன்னால் நாம் காசு கொடுத்தல்லவா கற்றுக்கொள்வோம்? பத்து வயதுப் பிள்ளையைப் பொழுது விடியுமுன் எழுப்பி ஓடவிடுவது ஒழுக்கம் என்று நினைப்பவர்களோடு எனக்குச் சுத்தமாக உடன்பாடு இல்லை.

கத்துவதையும் குறைக்கலாம். ஃப்ரீ த்ரோ போடப்போகும் பிள்ளைக்குத் தேவை அமைதி. கனடாவின் ஜோன் விக்கர்ஸ் 1990களில் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, நன்றாகப் போடுகிறவர்கள் ஷாட்டுக்கு முன்னால் வளையத்தில் ஒரே இடத்தில் பார்வையை அதிக நேரம் நிறுத்துகிறார்கள், சுமாராகப் போடுகிறவர்களின் கண் அங்கும் இங்கும் அலைகிறது என்று கண்டார். பின்னாலிருந்து நாம் "முழங்கையை உள்ளே வை, காலை மடக்கு, மேலே பார்" என்று அடுக்கிக்கொண்டே போனால் அந்தக் கண் எங்கே நிற்கும்? திருத்தம் சொல்ல வேண்டுமானால் ஒன்றே ஒன்று, அதுவும் ஷாட் முடிந்த பிறகு.

பயிற்சியாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் எதற்காக இப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் கோப்பை வாங்காத பயிற்சியாளரைப் பள்ளி நிர்வாகம் அடுத்த வருடம் வைத்துக்கொள்வதில்லை. அவர் என்ன செய்வார்? வகுப்பிலேயே உயரமான பையனை வளையத்துக்குக் கீழே நிறுத்துவார், மற்றவர்களை ஸோன் டிஃபன்ஸில், அதாவது ஆளைக் காக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காக்கும் தடுப்பில் நிறுத்திவைப்பார். சின்னப் பிள்ளைகளால் வெளியிலிருந்து எட்டிப் போட முடியாது என்பதால் அந்த ஸோன் ஜெயித்துவிடும், கோப்பையும் வரும். அந்த உயரமான பையன் மூன்று வருடம் வளையத்துக்குக் கீழேயே நின்று, டிரிபிள் செய்யவும் தெரியாமல், பாஸ் பார்க்கவும் தெரியாமல், பதினாறு வயதில் மற்றவர்கள் அவன் உயரத்தை எட்டிப்பிடித்ததும் அணியிலேயே இடமில்லாமல் போகிறான். இப்படிக் கண்முன்னால் போன பிள்ளைகளை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடிப் பழகட்டும், குட்டையான பிள்ளை வளையத்துக்கு முதுகு காட்டி ஆடட்டும், நெட்டையான பிள்ளை பந்தைக் கொண்டு வரட்டும். யார் எவ்வளவு வளர்வார்கள் என்று பதினோரு வயதில் யாருக்கும் தெரியாது.

அதனால் போட்டி நடத்துகிறவர்களிடம் உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு கோரிக்கை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு வளையத்தை இறக்குங்கள், 5ஆம் எண் பந்தைக் கொடுங்கள், அணியில் வந்த ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயம் ஆட வேண்டும் என்று வையுங்கள், ஒவ்வொருவரும் எதிரணியில் ஒருவரைக் காக்கும் ஆளுக்கு ஆள் டிஃபன்ஸ் மட்டுமே அனுமதியுங்கள். நான் மேலே சொன்ன அந்த இளையோர் வழிகாட்டியும் பதினோரு வயது வரைக்கும் ஸோன் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. வளையத்தை இறக்கும் வசதி எல்லா கிரவுண்டிலும் இருக்காது, ஒத்துக்கொள்கிறேன், அதற்குச் செலவும் ஆகும். பந்தை மாற்றக் கொஞ்சம் செலவாகும். ஸோனை நிறுத்த ஒரு காசும் வேண்டாம், அடுத்த போட்டி விதித்தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்